கருக்குழாயில் ஒளிந்திருக்கும் கட்டிகள்

சில ஆண்டுகளுக்கு முன் 58 வயதுப் பெண்மணி ஒருவர் தம் மகளுடன் எங்கள் மகளிர் நோய்ப் புறநோயாளிப் பிரிவுக்கு வந்தார். மாதவிடாய் நின்று எட்டு ஆண்டுகள் கடந்திருந்தன. சொல்வதற்குக் கூச்சப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: "வெள்ளைப்படுதல் இல்லைங்க டாக்டர். தண்ணி. பச்சைத் தண்ணி மாதிரி போகுது. அதுக்கு முந்தி ஒரு நாள், ரெண்டு நாள் அடிவயிறு வலது பக்கம் புடிச்சு இழுக்கும். தண்ணி போனதும் வலி நின்னுடும்."

கருப்பை வாயிலிருந்து பாப் ஸ்மியர் எடுத்தோம்; இயல்பாக இருந்தது. கருப்பையின் உட்சவ்விலிருந்து சிறிது திசு எடுத்துப் பார்த்தோம். அதிலும் குறை ஒன்றும் இல்லை. ஸ்கேனில் மட்டும் வலது கருக்குழாய் சற்று வீங்கி, உள்ளே நீர் கோத்திருப்பதாகத் தெரிந்தது. இளம் வயதில் வந்துபோன ஏதோ ஒரு தொற்றின் மிச்சமாக இருக்கும் என்று நாங்கள் கருதினோம். கவலைப்பட வேண்டாம், மூன்று மாதம் கழித்து மறுபடியும் வந்து ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

ஆறு வாரத்திலேயே மகள் தாயைத் திரும்ப அழைத்துவந்தார். அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் தினசரி நாள்காட்டியிலிருந்து கிழித்த தாள்கள். தாய்க்கு வலி வந்த நாள், நீர் வெளியேறிய நாள், அது எத்தனை துணியை நனைத்தது என்பது வரை ஒவ்வொரு தாளின் பின்புறத்திலும் பென்சிலால் குறித்திருந்தார். அவற்றை மேசையில் வரிசையாகப் பரப்பிவைத்தபோது, நாங்கள் ஸ்கேன் படத்தில் காணத் தவறியது அந்தத் தாள்களில் தெளிவாகத் தெரிந்தது. வலி கூடிக்கொண்டே போகிறது, பிறகு நீர் பெருகி வெளியேறுகிறது, வலி அடங்குகிறது, சில நாள்களில் மீண்டும் அதே சுற்று. கருக்குழாய்ப் புற்றுநோயைப் பற்றிய பாடநூல்களில் இது ஓர் அடையாளமாகவே சொல்லப்பட்டிருக்கிறது. வியன்னா மருத்துவர் லாட்ஸ்கோவின் பெயரால் அது வழங்கப்படுகிறது. பட்டமேற்படிப்புத் தேர்வில் நாங்கள் எழுதி மதிப்பெண் பெற்ற விடைதான் அது. ஆனால் நோயாளி தம் வாயால் சொன்னபோது எங்கள் காதில் அது விழவில்லை.

அவருடைய இசைவைப் பெற்று, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி இதை எழுதுகிறோம்.

கருக்குழாய் என்பது கருப்பையின் இரு மேல்மூலைகளிலிருந்தும் பக்கத்துக்கு ஒன்றாகப் பிரியும் மெல்லிய குழாய். நீளம் ஏறத்தாழ 10 முதல் 12 செ.மீ. வரை இருக்கும். கருப்பையை ஒட்டிய பகுதி மிகக் குறுகலானது. சினைப்பையை நோக்கிச் செல்லச் செல்ல அகன்று, முடிவில் சேலை முந்தானையின் குஞ்சம்போல் விரிந்திருக்கும். சினைப்பையிலிருந்து வெளிப்படும் கருமுட்டையை இந்தக் குஞ்சமுனைதான் வாங்கிக்கொள்கிறது. கருத்தரிப்பு நிகழ்வதும் குழாய்க்குள்ளேதான். 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இத்தாலிய உடற்கூற்றியல் அறிஞர் கபிரியேலே ஃபலோப்பியோ இதை விரிவாக விவரித்ததால் ஃபலோப்பியன் குழாய் என்ற பெயர் நிலைத்தது. பிள்ளைப்பேற்றுக் காலம் முடிந்ததும் இந்தக் குழாயைப் பற்றி நோயாளியும் நினைப்பதில்லை. உண்மையைச் சொன்னால், மருத்துவர்களும் நினைப்பதில்லை.

கருக்குழாயில் தொடங்கும் புற்றுநோய் மிக அரிது என்றே நாங்கள் படித்தோம். பெண்களின் இனப்பெருக்க உறுப்புகளில் வரும் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஒன்றோ அதற்கும் குறைவோ என்பது பழைய கணக்கு. அரிது என்ற அந்தச் சொல்லை இப்போதெல்லாம் சற்றுத் தயக்கத்துடன்தான் பயன்படுத்துகிறோம். காரணம், அந்தக் கணக்கு எடுக்கப்பட்ட முறை.

நோய் முற்றிய நிலையில் அறுவை செய்யும்போது சினைப்பையும் குழாயும் ஒரே கட்டியாகப் பின்னிக் கிடக்கும். எது எங்கே தொடங்கியது என்று பிரித்தறிவது கடினம். அவ்வாறான நிலையில் சினைப்பைப் புற்றுநோய் என்று எழுதிவிடுவதே வழக்கம். குழாயில் தொடங்கியது என்று எழுத வேண்டுமானால் கடுமையான நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். 1950இல் ஹூ, டெய்மோர், ஹெர்டிக் ஆகிய மருத்துவர்கள் அவற்றை வகுத்தார்கள். பின்னர் செட்லிஸ் திருத்தியமைத்தார். கட்டியின் பெரும்பகுதி குழாயில் இருக்க வேண்டும், இயல்பான உட்சவ்வு நோயுற்ற சவ்வாக மாறும் இடம் நுண்ணோக்கியில் தெரிய வேண்டும், சினைப்பையிலும் கருப்பையிலும் கட்டி இல்லாமலோ குழாயில் உள்ளதைவிடக் குறைவாகவோ இருக்க வேண்டும் என்றெல்லாம் விதிகள். இவற்றைத் தாண்டி வந்தவை மட்டுமே கருக்குழாய்ப் புற்றுநோய் என்று பதிவாயின. மற்றவை அனைத்தும் சினைப்பையின் கணக்கில் சேர்ந்தன.

2001இல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். மரபுவழியாகச் சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்புள்ள பெண்களிடமிருந்து, நோய் வருமுன் காக்கும் பொருட்டு எடுக்கப்பட்ட உறுப்புகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்களைச் சினைப்பையில் தேடியவர்களுக்கு, அவை குழாயின் உட்சவ்வில் தென்பட்டன. அதன்பின் அமெரிக்காவின் பாஸ்டன் நகர நோய்க்குறியியல் நிபுணர்கள், குழாயின் குஞ்சமுனையை மிக நுணுக்கமாக வெட்டிப் பார்க்கும் ஒரு முறையை வகுத்தார்கள். அந்த முறையில் பார்க்கத் தொடங்கியதும், முன்பு சினைப்பைப் புற்றுநோய் என்று எழுதப்பட்டிருக்கக்கூடிய பலவற்றிலும் குஞ்சமுனையில் சில மில்லிமீட்டர் அளவே உள்ள தொடக்கநிலைப் புற்று காணப்பட்டது. இந்தச் சிறு புண்ணிலிருந்து முழுப் புற்றுநோய் உருவாகச் சராசரியாக ஆறரை ஆண்டுகள் ஆகலாம் என்று 2017இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. இன்று சினைப்பை, கருக்குழாய், வயிற்றின் உள்ளுறையான பெரிட்டோனியம் ஆகிய மூன்றின் புற்றுநோய்களையும் ஒரே குடும்பமாகக் கருதி, ஒரே அளவுகோலால் நிலை பிரிக்கிறோம். மகப்பேறு மருத்துவர்களின் உலகக் கூட்டமைப்பான ஃபிகோ வெளியிட்ட அந்த அளவுகோல் 2014 முதல் நடைமுறையில் உள்ளது. ஆகவே உங்கள் அறிக்கையில் கருக்குழாய் என்று இருந்து, உறவினர் ஒருவரின் அறிக்கையில் சினைப்பை என்று இருந்தாலும், சிகிச்சை ஏறத்தாழ ஒன்றாக இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டியதில்லை.

நோயைக் கண்டறிவதற்கு வருவோம். லாட்ஸ்கோவின் மூன்று அடையாளங்கள் வலி, அடிவயிற்றில் தட்டுப்படும் கட்டி, நீர்போன்ற வெளியேற்றம் என்பவை. மூன்றும் ஒருசேர அமைவது சிறுபான்மையினரிடம்தான். பலருக்கு மாதவிடாய் நின்றபின் சிறு இரத்தக்கசிவு மட்டும் இருக்கும். சிலருக்கு வயிறு உப்பியதுபோன்ற உணர்வு, சிறிது உண்டதும் வயிறு நிறைந்துவிடுவது, அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றுவது போன்ற பொதுவான தொல்லைகளே இருக்கும். குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டவர்களின் குழாய் நடுவில் அடைபட்டிருப்பதால், நீர் கருப்பை வழியே வெளியேற வழியின்றி அந்த அறிகுறியே தோன்றாமல் போகலாம். முதலில் சொன்ன பெண்மணி அந்த அறுவையைச் செய்துகொள்ளாதவர். அதனால்தான் அவருடைய உடல் எங்களுக்கு அத்தனை முறை தகவல் அனுப்ப முடிந்தது.

இந்த அறிகுறியில் ஒரு வஞ்சகம் உண்டு. வலி தானாக அடங்குகிறது. அடங்கிய வலியைச் சொல்லிக்கொண்டு மருத்துவமனைக்கு வர யாருக்கும் மனம் வருவதில்லை. வந்தாலும், "இப்போது வலி இருக்கிறதா?" என்று நாங்கள் கேட்கும் நாளில் வலி இருப்பதில்லை. மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்தபின் பிறப்புறுப்பு வழியாக நீரோ இரத்தமோ வெளியேறினால், ஒருமுறையே ஆனாலும், நின்றுவிட்டாலும், மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். அப்படி வருபவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை என்பதும் உண்மை. சவ்வு மெலிவதும் சிறு தசைவளர்ச்சிகளுமே மிகுதியான காரணங்கள்.

பாப் ஸ்மியர் கருப்பை வாய்க்கான சோதனை. கருக்குழாயிலிருந்து உதிரும் செல்கள் எப்போதாவது அதில் சிக்குவதுண்டு. அதை நம்பியிருக்க முடியாது. ஆனால் ஸ்மியரில் புற்றுச் செல்கள் தெரிந்து, கருப்பை வாயிலும் உட்சவ்விலும் ஒன்றும் கிடைக்கவில்லையென்றால், தேடலை நிறுத்தாமல் குழாயையும் சினைப்பையையும் பார்க்க வேண்டும்.

பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேன் முதன்மையான கருவி. வெறும் நீர் கோத்த குழாயின் சுவர் மெல்லியதாகவும் உட்புறம் வழவழப்பாகவும் இருக்கும். புற்றுக் கட்டியுள்ள குழாய், நீள்வடிவில் தடித்த பலூனைப்போலத் தோன்றி, உட்சுவரிலிருந்து பூக்கோசுபோன்ற சிறு முளைகள் துருத்திக்கொண்டிருக்கும். டாப்ளரில் அம்முளைகளுக்குள் இரத்த ஓட்டம் தெரியும். ஐயம் தீராவிட்டால் எம்.ஆர்.ஐ. எடுக்கிறோம். எங்கள் நோயாளியின் முதல் ஸ்கேன் படத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தபோது, ஓரிடத்தில் சுவர் சற்றுத் தடித்திருந்தது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்குப் புதிதாக ஒரு குழாய் நீர் கோத்து, அறிகுறியும் தருகிறதென்றால், அதைப் பழைய தொற்றின் தழும்பு என்று எளிதில் தள்ளிவிடக் கூடாது. இதை இப்போது எங்கள் பயிற்சி மருத்துவர்களுக்கு அவருடைய படத்தை வைத்தே சொல்லிக்கொடுக்கிறோம்.

சி.ஏ.125 என்ற இரத்தப் பரிசோதனையைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். 35 என்ற எண்ணைத் தாண்டினால் புற்றுநோய் என்று ஓர் எண்ணம் பரவியிருக்கிறது. அது சரியன்று. சாக்லேட் கட்டி எனப்படும் எண்டோமெட்ரியோசிஸ், நார்த்திசுக் கட்டி, அடிவயிற்றுத் தொற்று, கல்லீரல் நோய், ஏன், மாதவிடாய் நாள்களில்கூட இது உயரும். மறுபுறம், தொடக்க நிலைப் புற்றுநோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இது இயல்பாகவே இருக்கும். பிரிட்டனில் மாதவிடாய் நின்ற இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டு, சி.ஏ.125 சோதனையையும் ஸ்கேனையும் ஆண்டுதோறும் செய்துபார்த்த பெரிய ஆய்வின் முடிவு 2021இல் வந்தது. அதனால் இந்நோயால் ஏற்படும் இறப்பு குறையவில்லை. எந்த அறிகுறியும் குடும்ப வரலாறும் இல்லாதவர்கள் முழு உடற்பரிசோதனைத் தொகுப்பில் இந்தச் சோதனையையும் சேர்த்துச் செய்துகொண்டு, எண்ணைப் பார்த்து இரவெல்லாம் விழித்திருப்பது வேண்டாத துன்பம் என்பதே எங்கள் கருத்து.

நம் நாட்டில் இன்னொரு பெரிய குழப்பம் காசநோய். நுரையீரலைப்போலவே பெண்ணின் இனப்பெருக்க உறுப்புகளையும் காசநோய் தாக்கும். தாக்கினால் ஏறத்தாழ எப்போதும் கருக்குழாயில்தான் குடிகொள்ளும். குழாய் வீங்கும், வயிற்றில் நீர் கோக்கும், எடை குறையும், சி.ஏ.125 நூற்றுக்கணக்கில் ஏறும். ஸ்கேனில் முற்றிய புற்றுநோயைப்போலவே தோன்றும். குடும்பமே அழுதுகொண்டு வந்து, திசுப் பரிசோதனையில் காசநோய் என்று தெரிந்து, ஆறு மாத மாத்திரையில் குணமானவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். இதற்கு எதிரான தவறும் நடக்கக்கூடும்: காசநோய்தான் என்று ஊகித்து மாத்திரை கொடுத்துக்கொண்டிருக்க, புற்றுநோய் வளர்ந்துவிடலாம். திசு கைக்கு வராமல் இரண்டில் எதையும் முடிவு செய்யக் கூடாது.

அப்படியானால் ஊசியால் குத்திச் சிறிது திசு எடுத்துப் பார்த்துவிடலாமே என்று நோயாளிகளின் பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மார்பிலும் கழுத்திலும் அப்படித்தான் செய்கிறோம். ஆனால் கட்டி குழாய்க்குள் மட்டும் அடங்கியிருக்கும்போது அதை ஊசியால் குத்தினால், உள்ளே இருக்கும் செல்கள் வயிற்றறைக்குள் சிந்திவிடலாம். அடங்கியிருந்த நோயை நாமே ஒரு படி மேலே ஏற்றியதாகிவிடும். ஆகவே, பரவியதற்கான அடையாளம் இல்லாதபோது, கட்டியை உடைக்காமல் முழுமையாக வெளியே எடுத்து ஆராய்வதே முறை. நோய் ஏற்கெனவே பரவி, முதலில் மருந்து கொடுக்க வேண்டிய நிலை என்றால், வயிற்று நீரிலிருந்தோ பரவிய இடத்திலிருந்தோ ஊசிவழித் திசு எடுப்பது சரியானதே. எந்தக் கட்டத்தில் எது பொருந்தும் என்று உங்கள் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

எடுத்த குழாயை அறுவை அரங்கிலிருந்தே நோய்க்குறியியல் ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம். ஒரு துண்டை உடனே உறையவைத்து வெட்டிப் பார்த்து, அரை மணி நேரத்துக்குள் அவர்கள் தொலைபேசியில் சொல்லும் சொல்லை வைத்து மேற்கொண்டு எதை எடுப்பது என்று முடிவு செய்கிறோம். வெளியே காத்திருக்கும் குடும்பத்துக்கு அறுவை நீண்டுகொண்டே போவதுபோல் தோன்றும் நேரம் பெரும்பாலும் இதுதான். மீதித் திசு முழுவதும் ஃபார்மலினில் பதப்படுத்தப்படுகிறது. பின்பு குஞ்சமுனையைத் தனியே நறுக்கி நீளவாக்கிலும், மீதிக் குழாயைக் குறுக்காகவும், இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு ஒரு வெட்டாக வெட்டி, ஒன்றையும் ஒதுக்காமல் அனைத்தையும் மெழுகில் பதித்துப் பார்க்கிறார்கள். ஐயமுள்ள இடத்தில் பி53 போன்ற சிறப்புச் சாயங்களை ஏற்றுகிறார்கள். அறிக்கைக்கு ஒரு வாரம், பத்து நாள் ஆவது இதனால்தான். "இன்னுமா ரிப்போர்ட் வரலை?" என்று கேட்கும் உறவினர்களின் தவிப்பு எங்களுக்குப் புரிகிறது. ஆனால் விரைந்து எழுதப்பட்ட அறிக்கையைவிட, முழுக் குழாயையும் பார்த்து எழுதப்பட்ட அறிக்கையே மேல்.

அந்த அறிக்கையில் டியூமர் என்ற சொல்லைக் கண்டதும் இடிந்துபோகிறவர்கள் உண்டு. டியூமர் என்றால் கட்டி. எல்லாக் கட்டியும் புற்றுநோயன்று. கருக்குழாயில் தோன்றும் தீங்கற்ற கட்டிகளில் அதிகம் காணப்படுவது அடினோமட்டாய்டு கட்டி. பெரும்பாலும் ஒன்றிரண்டு செ.மீ. அளவுதான் இருக்கும், வேறு காரணத்துக்காகக் கருப்பையை எடுக்கும்போது தற்செயலாகக் கண்ணில் படும். எடுத்தாயிற்று என்றால் கதை முடிந்தது. மேல் சிகிச்சை ஏதும் தேவையில்லை. தசைக் கட்டி, டெர்மாய்டு வகைக் கட்டி ஆகியனவும் அரிதாக இங்கே வருவதுண்டு.

உல்ஃபியன் கட்டி என்ற பெயரை நோயாளிகள் மட்டுமன்றி மருத்துவர்கள் பலரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். கருவில் குழந்தை உருவாகும்போது ஆணுறுப்பு நாளங்களாக வளரவேண்டிய உல்ஃபியன் நாளம் ஆண் பெண் இரு பாலாரிடமும் இருக்கும். பெண் குழந்தையில் அது மறைந்துவிடும். மறையாது தங்கிய துணுக்குகள் குழாயை ஒட்டிய மடிப்பில் ஆயுள் முழுதும் சும்மா கிடக்கும். அவற்றிலிருந்து எழுவது இந்தக் கட்டி என்று 1973இல் கரிமிநெஜாத், ஸ்கல்லி என்ற இருவர் முதலில் விவரித்தார்கள். பெரும்பாலும் சாதுவான கட்டி. சிலருக்கு மட்டும் பல ஆண்டுகள் கழித்துத் திரும்ப வரும் என்பதால், நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிக் கண்காணிப்பை நிறுத்திவிடக் கூடாது.

இளம் பெண்களிடம் நினைவில் வைக்க வேண்டியது கோரியோகார்சினோமா. கருப்பைக்கு வெளியே குழாயில் கரு தங்கிவிட்டது என்று அவசரமாக அறுவை செய்கிறோம். மிக அரிதாக, எடுத்த குழாயில் இருப்பது நஞ்சுத் திசுவிலிருந்து எழுந்த இந்தப் புற்றாக இருக்கும். இரத்தக்கசிவும் நள்ளிரவு அவசரமுமாக நடக்கும் அறுவையில், குழாயைச் சோதனைக்கு அனுப்ப மறந்துவிட்டால் அது தெரியாமலே போகும். அதனால்தான் எங்கள் மருத்துவமனையில் குழாய்க் கருவுக்காக எடுக்கப்படும் ஒவ்வொரு திசுவையும் ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம், பீட்டா எச்.சி.ஜி. அளவு முழுதும் இறங்கும்வரை இரத்தச் சோதனைக்கு வரச்சொல்கிறோம். அந்தக் கடைசி ஒரு சோதனைக்கு வராமல் நின்றுவிடுகிறவர்களே அதிகம். புற்றுநோய்களிலேயே மருந்துக்கு மிக நன்றாகக் கட்டுப்படுபவற்றுள் இதுவும் ஒன்று. குணமானபின் குழந்தை பெற்றவர்கள் பலர்.

நோயாளிகளிடம் நாங்கள் வைக்கும் வேண்டுகோள் ஒன்று உண்டு. "கர்ப்பப்பையை எடுத்தாச்சு" என்று சொல்லும் தாய்மாரிடம், குழாயும் சினைப்பையும் எடுக்கப்பட்டனவா என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேருக்குத் தெரிவதில்லை என்றுதான் எங்களுக்குத் தோன்றுகிறது. கருப்பை அகன்றாலும் குழாய்கள் உள்ளேயே இருக்கக்கூடும். அதேபோல் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையில் குழாயின் நடுவில் ஒரு துண்டை வெட்டுகிறார்கள், அல்லது வளையம் மாட்டுகிறார்கள். குஞ்சமுனை அப்படியேதான் இருக்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2010 முதல், கருப்பையை எடுக்கும்போதும் கருத்தடை அறுவையின்போதும் சினைப்பையை விட்டுவிட்டுக் குழாய்களை முழுமையாக எடுத்துவிடும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். அவ்வாறு எடுக்கப்பட்டவர்களிடம் பின்னாளில் இவ்வகைப் புற்றுநோய் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே காணப்பட்டது. வேறு காரணத்துக்காக அறுவைக்குச் செல்பவர்கள் இதுபற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே பேசலாம். முடிந்துபோன அறுவையின் டிஸ்சார்ஜ் சம்மரியையும் திசு அறிக்கையையும், நிலப் பத்திரத்தோடு சேர்த்துப் பூட்டிவைத்தாலும் நல்லதே, தூக்கி எறியாதீர்கள்.

மரபணுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பி.ஆர்.சி.ஏ.1 மரபணுவில் பழுதுள்ள பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பது பேருக்கோ அதற்கு மேலோ வாழ்நாளில் சினைப்பை அல்லது கருக்குழாய்ப் புற்றுநோய் வரக்கூடும், பி.ஆர்.சி.ஏ.2 பழுதில் இது குறைவு. மரபணுப் பழுது இல்லாத பெண்களிடம் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவே. நடிகை ஏஞ்சலினா ஜோலி 2013இல் மார்பகங்களையும், 2015இல் சினைப்பைகளையும் குழாய்களையும் முன்னெச்சரிக்கையாக எடுத்துக்கொண்டதாக வெளிப்படையாக எழுதியது இந்தப் பழுதின் காரணமாகத்தான். இது தாய்வழியில் மட்டுமன்றித் தந்தைவழியிலும் வரும். அத்தைக்கு வந்த நோயையும் சொல்லுங்கள். இவ்வகைப் புற்றுநோய் உறுதியான ஒவ்வொருவருக்கும் மரபணுச் சோதனையைப் பரிந்துரைக்கிறோம். அது சிகிச்சை மருந்தைத் தேர்ந்தெடுக்கவும் உதவுகிறது. ஆனால் வீட்டில் தடை வருகிறது. மகளுக்குக் கல்யாணம் ஆகட்டும், பிறகு பார்க்கலாம் என்கிறார்கள். அந்த அச்சத்தை நாங்கள் எளிதாக எண்ணவில்லை. சோதனை முடிவு நோயாளிக்கே உரியது. அவர் இசைவின்றி யாரிடமும் சொல்வதில்லை. பழுது உண்டென்றாலும் மறுநாளே அறுவை என்று பொருளல்ல, பி.ஆர்.சி.ஏ.1 என்றால் 35 முதல் 40 வயதுக்குள், பி.ஆர்.சி.ஏ.2 என்றால் 40 முதல் 45 வயதுக்குள், பிள்ளைப்பேறு முடிந்தபின் என்பதே வழக்கமான அறிவுரை.

நாள்காட்டித் தாள்களோடு வந்த அந்தப் பெண்மணிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து, அந்த வாரமே அறுவை செய்தோம். வலது குழாய் தடித்து நீண்டு கிடந்தது. அதன் குஞ்சமுனை ஒட்டி மூடியிருந்தது. சுரந்த நீர் வயிற்றுப் பக்கம் போக வழியின்றிக் கருப்பை வழியாக வெளியேறியதும், நோய் குழாய்க்குள்ளேயே அடங்கியிருந்ததும் அதனால்தான் என்று கருதுகிறோம். வயிற்றைக் கழுவி எடுத்த நீரிலும் புற்றுச் செல்கள் இல்லை. இருந்தும் வேகமாகப் பரவும் வகை என்பதால், கார்போபிளாட்டின், பேக்ளிடாக்சல் மருந்துகளை மூன்று வாரத்துக்கு ஒருமுறையாக ஆறு முறை கொடுத்தோம். முடி உதிர்ந்தது, மீண்டும் வளர்ந்தது. நான்காவது முறைக்குப்பின் போதும் என்றார், மகள் விடவில்லை. இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்காணிப்புக்கு வருகிறார்.

மரபணுச் சோதனையில் அவருக்குப் பி.ஆர்.சி.ஏ.1 பழுது இருந்தது. 34 வயதான மகளுக்கும் இருந்தது. மகளுக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டு ஆண்டுகளுக்குள் அறுவை செய்துகொள்வதாக முடிவு செய்திருக்கிறார். ஒவ்வொரு வருகையிலும் அம்மாவின் கோப்பையும் தம்முடைய கோப்பையும் அதே பிளாஸ்டிக் பையில் கொண்டுவருகிறார். சென்ற முறை வந்தபோது, அம்மாவின் ஸ்லைடை ஒருமுறை பார்க்க முடியுமா என்று கேட்டார். ஆய்வகத்துக்கு அழைத்துச் சென்றோம். நோய்க்குறியியல் நிபுணர் பெட்டியிலிருந்து அந்தக் கண்ணாடித் தகட்டை எடுத்து நுண்ணோக்கியில் வைத்து, இளஞ்சிவப்பு மடிப்புகளுக்கிடையே கருநீலமாய் நெருங்கிக் கிடந்த செல்களைச் சுட்டிக்காட்டினார். அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி, "இவ்வளவு சின்னதா டாக்டர், இது தொடங்குற இடம்?" என்றார்.